வெங்கல விதை

மேலூரில் என் மகன் கட்டிய வீட்டு முன்கதவு காற்றடித்தால் படாரென்று சாத்திக்கொள்ளும். அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு கல் வைத்திருக்கிறேன். ஒரு கைக்குள் அடங்காத கல். சும்மா பார்த்தால் பழுப்பும் பச்சையுமாகச் சாணி காய்ந்த நிறத்தில் இருக்கும். காலை வெயில் அதன்மேல் விழும்போது பார்க்க வேண்டும். புளி போட்டுத் தேய்த்த வெண்கலம் மாதிரி ஒரு மினுக்கம் அதன் முகத்தில் ஓடும். கொஞ்சம் திருப்பி வைத்தால் அந்த மினுக்கம் போன இடம் தெரியாது.

குவாரிக்குக் கல் பார்க்க வந்த ஒருவர் ஒரு நாள் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார். தண்ணீர் குடித்துவிட்டு அந்தக் கல்லைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார். ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார், எனக்கு மனதில் நிற்கவில்லை. பாறை உண்டாகும்போதே அதோடு சேர்ந்து உண்டாகிற சரக்கு, பார்க்கத்தான் வெண்கலம் மாதிரி இருக்கும், வெண்கலம் கிடையாது பாட்டி என்றார். தெரியும் என்றேன். வெண்கலம் இல்லாத இந்தக் கல்லுக்காக எங்கள் வீட்டு வாசலில் மண்வெட்டியோடு ஆள் வந்து நின்றது அவருக்குத் தெரியாது.

திருட்டுப் பொருளைத் தேடித்தான் வந்தார்கள். இதை நான் சொல்ல ஆரம்பித்தாலே என் மருமகள், "மெதுவாப் பேசுங்க அத்தை, பக்கத்து வீட்ல கேக்கப் போகுது" என்பாள். கேட்கட்டுமே. வந்தவர்கள் உரக்கச் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். நான் மட்டும் எதற்கு மெதுவாகச் சொல்ல வேண்டும்?

எங்கள் ஊர் மேலூருக்கும் திருவாதவூருக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். தேடி வந்தவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்கள். ஊருக்குத் தெற்கே, கண்மாய்க்கரையை ஒட்டி எங்கள் தெரு. தெருவில் ஒருவருக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. எல்லாருக்கும் பெரிய வீட்டில்தான் வேலை. பெரிய வீடு என்றால் ஊர் நடுவில் ஓடு போட்ட வீடு. அங்கே பெரியவர், அவர் மகன் சின்னவர், சின்னவரின் மனைவி, அவர்களுக்கு என் வயதில் ஒரு பெண்பிள்ளை.

என் ஆத்தா அந்த வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளினாள். வீட்டுக்குள் போக முடியாது. தொழுவத்திலிருந்து பார்த்தால் பின்வாசல் தெரியும். அங்கே அந்த வீட்டுப் பெண்கள் வெண்கலப் பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, குட்டிச்சுவர்மேல் வரிசையாகக் கவிழ்த்து வைப்பார்கள். நான் ஆத்தாவோடு போய், அந்தக் குட்டிச்சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அதில் பெரியவர் கஞ்சி குடிக்கிற கும்பா ஒன்று உண்டு. வாய் அகன்று, அடி பெருத்து, கோயில் மணியைத் திருப்பி வைத்ததுபோல் இருக்கும். வெயில் பட்டால் கண் கூசும்.

எங்கள் தெருவில் வெண்கலம் கிடையாது. மண்சட்டியும், ஒன்றிரண்டு வீட்டில் அலுமினியமும்தான். வெண்கலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யாரும் தமுக்கடித்துச் சொல்லவில்லை. ஆனால் எங்களில் ஒருவர் வெண்கலத்தை வாங்கி வந்து தெருவில் உட்கார்ந்து தேய்த்தால், மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. அது எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

அந்தக் கோடையில் பெரிய வீட்டுத் தோட்டத்தில் புதுக் கிணறு வெட்டினார்கள். வெட்டினது என் அப்பாவும், ஆத்தாவின் தம்பியான என் மாமாவும், இன்னும் சில ஆட்களும். மாமா இதற்காகவே கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். செம்மண் போய், ஓடைக்கல் போய், பாறை வந்துவிட்டது. வெடி வைத்து உடைத்து, கூடையில் கட்டி மேலே ஏற்றிக் கொட்டினார்கள். அந்தக் குவியலில் பொறுக்கியதுதான் இந்தக் கல்.

கையில் எடுத்துத் திருப்பினேன். குட்டிச்சுவர்மேல் பார்க்கிற அதே மினுக்கம். பொன்வண்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினால் எப்படி ஓடுமோ அப்படி ஓடியது.

"அப்பா, வெங்கலம்!" என்று கத்தினேன்.

அப்பா ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வெங்கலமாவது ஒண்ணாவது. கடப்பாரை முனையை மழுக்குற சனியன். தூக்கிப் போடு" என்றார்.

மாமா அப்படி விட மாட்டார். பிள்ளைகளை ஏமாற்றாமல் அவருக்குச் சோறு இறங்காது. கல்லை வாங்கினார், எச்சில் தொட்டுத் தேய்த்தார், காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார்.

"மெதுவாப் பேசுடி ஆத்தா. இது வெங்கலம் இல்ல. வெங்கலத்துக்கு வெதை."

"வெதையா?"

"பின்ன? பெரிய வீட்டுக் கும்பா ஆகாசத்துலேர்ந்தா விழுந்துச்சு? வெதை பூமிக்குள்ள கெடந்து முத்தணும். முத்துனா மொதல்ல கிண்ணமா வரும். இன்னும் விட்டா செம்பு. பொறுமையா விட்டவுகளுக்குத்தான் கும்பா. இதைப் போயி அவசரப்பட்டு வெட்டி எடுத்துட்டாக, பாவம், பிஞ்சு."

அப்பா கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டே, "ஏன் மாப்ள, அந்தப் புள்ளைய ஏன் கிறுக்காக்குற?" என்றார்.

"நீங்க சும்மா இருங்க மச்சான். இது எங்க ரெண்டு பேரு வெள்ளாமை" என்றார் மாமா.

அன்று சாயங்காலமே விதைத்துவிட்டோம். எங்கே ஊன்றுவது என்பதற்கும் மாமா ஒரு நியாயம் வைத்திருந்தார். வாழைத்தார் எப்படிப் பழுக்கிறது? குழியில் வைத்துப் புகை போட்டால்தானே? அதுபோல வெண்கலத்துக்கும் சூடு வேண்டும். ஆகவே அடுப்புக்குப் பக்கத்தில் குழி தோண்டி, கல்லை வைத்து மூடினோம். தினமும் கழனித்தண்ணீர் ஊற்றச் சொன்னார். எங்கள் வீட்டில் அரிசி களைகிற நாள் எப்போதாவது ஒருநாள் வரும். நான் கூழ்ச்சட்டி கழுவிய தண்ணீரை ஊற்றி வந்தேன். ஆத்தா பார்த்துவிட்டு, "அடுப்படியை ஏன்டி சேறாக்குற?" என்று திட்டினாள். மாமா அவளுக்குக் கண் காட்டினார். ஆத்தாவும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

இப்படி ஒரு வெள்ளாமை வீட்டில் இருக்கும்போது வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? தொழுவத்துக் கல்தூணுக்கு அந்தப் பக்கம் பெரிய வீட்டுப் பேத்தி நிற்பாள், இந்தப் பக்கம் நான். தூணைத் தாண்டி அவளும் வரக்கூடாது, நானும் போகக்கூடாது. ஆனால் வாய் தாண்டலாம். அவள் ஒரு நாள் அவர்கள் வீட்டுப் பாத்திரங்களை விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்து, "உங்க வீட்ல மண்சட்டிதான?" என்றாள்.

"எங்க வீட்ல வெங்கலம் வெளையுது" என்றேன்.

அவள் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. எப்படி விளையும் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். குழி, சூடு, கழனித்தண்ணீர், கிண்ணம், செம்பு, கும்பா.

"எனக்கும் ஒரு வெதை குடு."

"ஒண்ணுதான் இருக்கு. நாங்க ஊனிட்டோம்."

அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு போய்விட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் இருக்கிற, அவளிடம் இல்லாத ஒரு பொருள். அன்றைக்கெல்லாம் நான் தரையில் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் பெரியவரின் கும்பாவைக் காணவில்லை.

குட்டிச்சுவரில் காய வைத்தது, எடுக்கப் போனால் இல்லை. வீட்டை, வைக்கோல் படப்பை, நெற்குதிர்களை எல்லாம் கவிழ்த்துப் பார்த்தார்கள். பெரியவர் வேறு பாத்திரத்தில் கஞ்சி குடிக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஆத்தா சாணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போயிருந்தாள். நான் மட்டும் கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். சின்னவரின் மனைவி பின்வாசலுக்கு வந்தார். அவர் என்னிடம் பேசியதே கிடையாது. அன்று இல்லாத சிரிப்பெல்லாம் சிரித்தார். ஒரு முறுக்கை உடைத்துத் தூர இருந்தே போட்டார். நான் தாவிப் பிடித்தேன்.

"உங்க வீட்ல வெங்கலம் இருக்குன்னு எம் மககிட்டச் சொன்னியாமே, நெசமா?"

"ஆமா."

"எங்க இருக்கு?"

"அடுப்புக்குப் பக்கத்துல குழி தோண்டிப் பொதைச்சிருக்கோம்."

"யாரு பொதைச்சது?"

"எங்க மாமாவும் நானும். ஆத்தாவுக்கும் தெரியும்."

இவ்வளவு அக்கறையாக எங்கள் வெள்ளாமையைப் பற்றி ஒருவர் விசாரிக்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. முறுக்கு வேறு நெய் முறுக்கு.

மத்தியானம் சின்னவர் எங்கள் தெருவுக்குள் வந்தார். பெரிய வீட்டு ஆள் ஒருவர் எங்கள் தெருவுக்குள் கால் வைப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கூட இரண்டு பேர். இருவரும் அவருடைய பங்காளிகள் வீட்டு ஆட்கள். ஒருவர் தோளில் மண்வெட்டி. கிணற்றிலிருந்து அப்பாவையும் மாமாவையும் முன்னால் நடக்கவிட்டுக் கூட்டி வந்தார்கள். இருவர் மேலும் சேறு காய்ந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. வருகிற வழியெல்லாம் சின்னவர், "களவாணிப் பயலுக! சோறு போட்ட வீட்லயே கை வச்சிட்டானுக!" என்று கூவிக்கொண்டே வந்தார். தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ஆத்தா எங்கள் குடிசை வாசலில் உட்கார்ந்து முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பொதைச்சு வச்சதை எடுத்தாந்து வையிடா" என்றார் சின்னவர் அப்பாவைப் பார்த்து.

"எதைங்கய்யா?"

"நடிக்காத. கும்பா. உம் மகளே வாயால சொல்லிட்டா. அடுப்படியில பொதைச்சிருக்கீக."

அப்பா என்னைப் பார்த்தார். நான் உற்சாகமாகத் தலையாட்டினேன். "ஆமாப்பா, நானும் மாமாவும் ஊனினோம்ல, அதுதான்." மாமாவின் முகத்தைப் பார்த்தேன். சேற்றையும் மீறி அந்த முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஐயா, அது கும்பா இல்லீங்க. புள்ளைகிட்ட நான் கேலிக்கு..." என்று ஆரம்பித்தார்.

"தம்பி, நீ வாயை மூடு" என்றாள் ஆத்தா. முறம் நிற்கவில்லை.

"அப்ப ஏதோ பொதைச்சிருக்கீக. ஒத்துக்கிட்டான்ல? போடா உள்ள, தோண்டி எடுத்தா" என்றார் சின்னவர்.

அப்பா வாசலை நோக்கி ஓர் அடி வைத்தார். ஆத்தா எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்தால்தான் உள்ளே போக முடியும். எங்கள் வாசல் அவ்வளவுதான் அகலம்.

"யாரும் தோண்ட வேணாம்" என்றாள். "நாங்க தோண்டிக் காமிச்சா, அங்கிட்டு எடுத்து இங்கிட்டு மறைச்சுட்டோம்பீக. களவாண்டோம்னு சொன்னது நீங்க. நீங்கதான் தோண்டணும். வாங்கய்யா. உள்ள வந்து, உங்க கண்ணால பாத்து, உங்க கையால தோண்டுங்க."

சொல்லிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்தாள். வாசல் திறந்து கிடந்தது.

ஒரு கோழி மட்டும் கொக்கரித்துக்கொண்டு குறுக்கே போனது. சின்னவர் வாசலைப் பார்த்தார். கூரையிலிருந்து பனையோலை தாழத் தொங்கும். உள்ளே இருட்டாக இருக்கும். ஊர் உண்டான நாளிலிருந்து பெரிய வீட்டு ஆள் ஒருவரும் அப்படி ஒரு வாசலுக்குள் போனதில்லை. எங்கள் தெருவை மிதித்ததற்கே வீட்டுக்குப் போய்த் தலை முழுக வேண்டும். அடுப்படி வரை போனால் எதைக் கொண்டு முழுகுவது? இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், வெயிலில் ஒருவர் நிற்கிறார், வீட்டுக்குள் நிழல் இருக்கிறது, ஏன் போகவில்லை?

சின்னவர் மண்வெட்டிக்காரரைப் பார்த்து, "நீ போடா" என்றார்.

"எனக்குக் காப்புக் கட்டியிருக்குண்ணே" என்று அவர் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டிய காப்பு.

"அப்ப நீ போ."

இரண்டாவது ஆள் மண்வெட்டிக்காரருக்குப் பின்னால் நகர்ந்தார். "எங்க வீட்ல பொம்பளைக்குத் தெரிஞ்சா என்னைய உள்ள விட மாட்டாண்ணே."

கடைசியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவைக் கூப்பிட்டார். "ஏய், நீ உள்ள போயித் தோண்டு." பெரியப்பா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நேத்துலேர்ந்து இடுப்புப் பிடிச்சிருக்குங்க, குனிய முடியலை" என்றார். அவர் அன்று காலையில் வைக்கோல் கட்டுச் சுமந்து போனதை நான் பார்த்திருந்தேன். அடுத்தவருக்குக் கை சுளுக்கு. அதற்கடுத்தவருக்குக் காய்ச்சல். எங்கள் தெரு முழுவதற்கும் ஒரே நேரத்தில் நோய் வந்துவிட்டது.

எனக்குப் பரபரப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களை இப்படி வெளியிலேயே நிறுத்தி வைத்தால் நன்றாகவா இருக்கும்? உள்ளே ஓடினேன். அடுப்படியில் கிடந்த சுள்ளிகளை ஒதுக்கினேன். ஊன்றிய இடத்தைச் சுற்றித் துடைப்பத்தால் கூட்டினேன். பிறகு வாசலில் வந்து நின்று, ஓலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த மரியாதையோடு கூப்பிட்டேன்.

"வாங்கய்யா. குனிஞ்சு வாங்க. எங்க வீட்டுக்கு யாரு வந்தாலும் குனிஞ்சுதான் வரணும். இல்லேன்னா தலை இடிச்சிரும்."

பின்னால் ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக்கினாள். அந்த இருமல் தெரு முழுக்கப் பரவியது. கைச் சுளுக்குக்காரர் இருமினார், காய்ச்சல்காரர் இருமினார். இடுப்புப் பிடித்த பெரியப்பா குனிந்து குனிந்து இருமினார். சின்னவரின் முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எப்படி இருமல் வரும் என்று நான் ஓலையைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நாளையிலேர்ந்து ஒரு பய என் காட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்றார் சின்னவர்.

"சரிங்க" என்றாள் ஆத்தா. "கெணறு பாதியில கெடக்கு. ஊத்து வாரதுக்குள்ள ஆள் பாத்துக்கங்க."

"போலீசைக் கூட்டியாரேன் பாரு."

"கூட்டியாங்க. அவுக குனிஞ்சு வருவாக."

அவர் திரும்பி நடந்தார். மண்வெட்டிக்காரர் பின்னாலேயே ஓடினார். நான் ஓலையை விட்டேன். கை வலித்தது.

அவர்கள் தலை மறைந்ததும் அப்பா வெடித்தார். "கல்லுதானடி! எடுத்துக் காமிச்சிருந்தா அவன் வாயை மூடிக்கிட்டுப் போயிருப்பான். இப்பக் கஞ்சிக்கு என்ன பண்றது?"

"இன்னைக்குக் கல்லைக் காமிப்ப. நாளைக்கு அடுப்புச் சாம்பலைக் கிண்டிக் காமிக்கணும். நாளான்னைக்கு என் மடியை அவுத்துக் காமிக்கச் சொல்லுவாக. எம்புட்டுத்தான் காமிக்கிறது?" என்றாள் ஆத்தா. மாமா திண்டாடிப்போய் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நான் அந்த வயதைத் தாண்டியவள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் பசி இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். மாமா கண்மாயில் இறங்கிச் சேற்றுக்குள் கைவிட்டுக் கெளுத்தி பிடித்து வந்தார். ஆத்தா வரப்புக் கீரையைப் பறித்து வந்து வேக வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேழ்வரகு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் விடாமல் அடுப்படிக்குத் தண்ணீர் ஊற்றினேன். கும்பா விளைந்துவிட்டால் அதைக் கொடுத்துச் சின்னவரைச் சமாதானப்படுத்தலாம் என்று ஒரு எண்ணம்.

ஒரு நாள் பெரிய வீட்டில் நெல் குத்துகிற அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தாள். அந்த வீட்டு வேலைக்கு அவள் பக்கத்து ஊரிலிருந்து வருகிறவள். அதனால் அவளுக்குத் தடை இல்லை. வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சொல்ல ஆரம்பிப்பாள், மறுபடி சிரிப்பாள்.

"கும்பா கெடைச்சிருச்சுக்கா! எங்கங்குற? முருங்கை மரத்தடியில!"

அந்த வீட்டுப் பேத்தி தினமும் முருங்கைத் தூரில் கழனித்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். பெரிய வீட்டில் கழனித்தண்ணீருக்கு ஏது பஞ்சம்? அன்று அவள் அம்மா பார்த்துவிட்டு, முருங்கைக்கு எதற்குடி தண்ணீர் என்று கேட்டிருக்கிறார்.

"அதுக்கு அந்தப் புள்ள, 'முருங்கைக்கு இல்லம்மா, கும்பாவுக்கு. வெதைக்கல்லு அவ குடுக்க மாட்டேன்னுட்டா. அதான் நம்ம கும்பாவையே ஊனிட்டேன். ரொம்பக் கும்பா வெளையும்'னு சொல்லுச்சாம்! தோண்டிப் பாத்தா, உள்ள மண்ணும் மண்புழுவுமா உக்காந்திருக்கு கும்பா! கழுவித் தேச்சுக் குடுத்துட்டாக. பெரியவரு கஞ்சி குடிச்சுட்டாரு."

மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா சிரித்தார். ஆத்தா சிரிக்கவில்லை. "தெருவுக்குள்ள வந்து சொல்லுவாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

தெருவுக்குள் யாரும் வரவில்லை. மறுநாள் மண்வெட்டிக்காரர் வந்தார், கண்மாய்க்கரையிலேயே நின்றார். "எல்லாரையும் வேலைக்கு வரச் சொன்னாரு" என்று அங்கிருந்தே கத்தினார்.

ஆத்தா எழுந்து போய் நின்றாள். "கும்பா கெடைச்சிருச்சா?"

"ம்... கெடைச்சிருச்சு."

"எங்க கெடந்துச்சாம்?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுக்கிட்டு வா. இல்ல, நீ வேணாம். அன்னைக்கு வந்து சத்தம் போட்டாருல்ல, அவரையே வரச் சொல்லு. அதே எடத்துல நின்னு, அதே சத்தத்துல, கும்பா அவுக வீட்லதான் கெடந்துச்சுன்னு சொல்லச் சொல்லு. அப்ப வாரேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். சின்னவர் வரவில்லை. கிணற்றில் ஊற்று கண்டுவிட்ட நேரம், விட்டால் பாறை சரியும். அப்பாவும் மாமாவும் போனார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் வயிறு இருந்தது. ஆத்தா போகவில்லை. அன்றைக்கு இல்லை, அதற்குப் பிறகு என்றைக்கும் இல்லை. அந்தத் தொழுவத்தில் அவள் மறுபடி கால் வைக்காமலே செத்தாள். மேலூர் ரோட்டில் ஜல்லி உடைத்தாள். திருவாதவூர் பக்கம் நாற்று நட நடந்தே போய் வந்தாள்.

மண்வெட்டிக்காரர் போன அன்று அவள் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நேராக வீட்டுக்குள் போனாள். கரண்டியால் அடுப்படியைக் கிளறிக் கல்லை எடுத்தாள். நான் ஆசையோடு எட்டிப் பார்த்தேன். கல் கல்லாகவே இருந்தது, ஒரு கிண்ணம்கூட ஆகவில்லை. அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. சட்டியில் கிடந்த புளியை எடுத்துக்கொண்டாள். குழம்புக்கு இருந்த புளியே அவ்வளவுதான். சாம்பலை ஒரு கை அள்ளிக்கொண்டாள். கல்லைக் கொண்டுபோய்த் தெரு நடுவில் வைத்தாள்.

ஊருக்குப் போகிறவர்கள், கண்மாய்க்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற இடம். அங்கே உட்கார்ந்து, பெரிய வீட்டுப் பெண்கள் பின்வாசலில் தேய்க்கிறதுபோலவே, சுற்றிச் சுற்றி, அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். தண்ணீர் விட்டு அலசினாள். எங்கள் வாசற்படிமேல் வெயிலில் காய வைத்தாள். அடேயப்பா, அந்த மினுக்கம்! மண் போன கல் வெயிலைப் பிடித்து எதிர்த்த குடிசைச் சுவரில் அடித்தது.

கரைமேல் போன ஒருவர், பெரிய வீட்டுப் பக்கத்து ஆள், நின்று கையால் கண்ணை மறைத்துக்கொண்டு கேட்டார். "என்ன அது, மினுங்குது?"

"எங்க வீட்டு வெங்கலம்" என்றாள் ஆத்தா.

அவர் நம்பவில்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அன்றிலிருந்து அந்தக் கல் எங்கள் வாசற்படியில்தான் இருந்தது. நல்ல நாள் வந்தால் புளி போட்டுத் தேய்ப்பாள். அப்புறம் தெருவில் ஒருவர் தைரியமாக ஒரு வெண்கலச் செம்பு வாங்கினார். பிறகு இன்னொருவர். இப்போது எங்கள் தெருவில் வெண்கலத்தை யாரும் மதிப்பதில்லை, எல்லாம் எவர்சில்வர். அது வேறு கதை.

கல்லைத் தேய்த்த அன்று சாயங்காலம் ஆத்தா படியில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அழுது முடித்து அவள்மேல் சாய்ந்திருந்தேன். அந்த மனிதர்கள் வெயிலில் நின்றது எனக்கு மறக்கவில்லை. மூன்று பேரும் நல்ல உயரம். எங்கள் வாசல் குட்டை. அதனால்தான் வராமல் போய்விட்டார்கள். வந்திருந்தால் கல்லைப் பார்த்திருப்பார்கள், அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன? அவ்வளவு வளர்ந்தவர்களுக்குக் குனிவது சிரமமாகத்தான் இருக்கும்.

"ஏத்தா, நம்ம வாசலைக் கொஞ்சம் ஒசத்திக் கட்டியிருந்தா அவுக உள்ள வந்திருப்பாகல்ல?" என்று கேட்டேன்.

ஆத்தா தலைக்கு மேல் தொங்கிய ஓலையைப் பார்த்தாள்.

"வாசல் இருக்கிறபடி இருக்கட்டும்" என்றாள்.

பனங்கம்பு வாங்க வழியில்லை, பாவம், அதைச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.